மரக்கால் மாறினால் நெல் குறையுமோ?

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கோயிலுக்கு வரவேண்டிய நெல்லைப் பற்றிப் பேசும் இடங்களில் அவை நெல்லின் அளவை மட்டும் கூறி நின்றுவிடுவதில்லை. எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுகின்றன. 'ஆடவல்லான்' என்பது அம்மரக்காலின் பெயர். அது 'இராசகேசரி' என்னும் அளவைக்கு ஒப்பானது என்ற குறிப்பும் உடன் வருகிறது. ஓர் அளவையால் அளந்து கொண்டுவந்த நெல், மற்றோர் அளவைக்கு மாறும்போது குறைந்துபோகலாகாது என்னும் நேர்மை அந்தச் சிறு குறிப்பினுள் அடங்கியிருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகள் கடந்த பின், அதே கேள்வி கல்விக்கூடங்களின் வாயிலில் எழுந்து நிற்கிறது. ஒரு கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பயின்று, தேர்வெழுதித் தேறிய மாணவர், வேறு கல்லூரிக்கோ வேறு துறைக்கோ வேறு நாட்டிற்கோ செல்ல நேர்ந்தால், அவர் ஏற்கெனவே கற்றவை என்னவாகும்? அவரோடு உடன் செல்லுமா? பழைய கல்லூரியின் பதிவேட்டிலேயே தங்கிவிடுமா? பள்ளியிறுதியை நெருங்கிக்கொண்டிருக்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வினா இது.

கல்விக்கு ஓர் அளவை

கல்லூரிகளில் 'கிரெடிட்' என வழங்கப்படுவதைத் தகுதிப்புள்ளி எனலாம். ஒரு பாடத்தைக் கற்பதற்கு மாணவர் செலவிடும் உழைப்பின் அளவையே தகுதிப்புள்ளி. மதிப்பெண் வேறு, தகுதிப்புள்ளி வேறு. ஒரு பாடத்தை எவ்வளவு நன்றாகக் கற்றார் என்பதை மதிப்பெண் காட்டும். எவ்வளவு பாடத்தைக் கற்று முடித்தார் என்பதைத் தகுதிப்புள்ளி காட்டும். வாரத்திற்கு ஒரு மணிநேர வகுப்பு வீதம் ஒரு பருவம் முழுவதும் நடைபெறும் பாடத்திற்கு ஒரு புள்ளி என்பது பொதுவான வழக்கம். செய்முறை வகுப்பாயின் இரண்டு மணிநேரத்திற்கு ஒரு புள்ளி.

இவ்வளவை பிறந்த வரலாறு விந்தையானது. அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரு கார்னெகி, ஓய்வுபெறும் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவதற்காக 1905ஆம் ஆண்டில் 1 கோடி டாலர் நிதி அளித்தார். எவற்றைக் கல்லூரி என ஏற்பது என்ற சிக்கல் உடனே எழுந்தது. மாணவர்களைச் சேர்ப்பதற்கு உயர்நிலைப் பள்ளியில் குறிப்பிட்ட அளவு பயின்றிருக்க வேண்டும் என்று விதிக்கும் நிறுவனமே கல்லூரி என்று முடிவாயிற்று. அந்தப் பயிற்சியை அளப்பதற்கு, ஏறத்தாழ 120 மணிநேர வகுப்பு ஓர் அலகு எனக் கொள்ளப்பட்டது. ஓய்வூதியக் கணக்கிற்காக எழுந்த இவ்வளவை, நாளடைவில் கல்வியையே அளக்கும் கோலாகிவிட்டது. மணி நேரத்தை அளப்பதற்குத் தோன்றிய கருவி, அறிவை அளப்பதற்குப் போதுமா என்னும் ஐயம் அன்றுதொட்டு இன்றுவரை அதனைத் தொடர்ந்து வருகிறது.

குறைகள் இருப்பினும் இவ்வளவையால் விளைந்த நன்மை பெரிது. கல்வியைப் பட்டம் என்னும் ஒரே பெரும் மூட்டையாகக் கட்டி வைத்திருந்த நிலையை அது மாற்றியது. மூட்டை முழுவதும் நிறைந்தால்தான் மதிப்பு, இல்லையேல் ஒன்றுமில்லை என்ற நிலை நீங்கியது. கற்ற ஒவ்வொரு பாடத்திற்கும் தனித்தனி மதிப்பு உண்டாயிற்று. தனித்தனி மதிப்பு உண்டான பிறகுதான், ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்திற்கு எடுத்துச் செல்லலாம் என்னும் எண்ணமே பிறக்க இயலும்.

நாட்டுக்கு நாடு வேறு மரக்கால்

முழுநேரமாக ஓராண்டு பயிலும் மாணவரின் உழைப்பு எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அதனை அளக்கும் எண் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் ஓராண்டுப் படிப்பு பொதுவாக 30 புள்ளிகள். ஐரோப்பிய நாடுகளின் பொது அளவையில் அது 60. இங்கிலாந்தில் 120. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட இளநிலைப் பட்டப்படிப்புக்கான வரைவமைப்பின்படி 40. அதாவது, மூன்றாண்டுப் பட்டத்திற்குக் குறைந்தது 120 புள்ளிகள், நான்காண்டுப் பட்டத்திற்கு 160 புள்ளிகள்.

எண்ணை மட்டும் பார்ப்பவர் இங்கே எளிதில் ஏமாறுவார். இந்தியாவில் ஓராண்டு பயின்று 40 புள்ளிகள் பெற்ற மாணவர் ஐரோப்பாவிற்குச் செல்கிறார் எனக் கொள்வோர், 40ஐ 40ஆகவே எண்ணினால், அவருடைய ஓராண்டு உழைப்பு எட்டு மாத உழைப்பாகச் சுருங்கிவிடும். சிறிய மரக்காலையும் பெரிய மரக்காலையும் ஒன்றெனக் கொண்டு நெல்லளப்பதைப் போன்றதே அது. எனவே, எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன், எந்த அளவையில் எத்தனை புள்ளி என்று கேட்பதே முறை.

வெளிநாட்டுக் கல்வியில் கருத வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. பழைய கல்லூரியின் புள்ளிகளை ஏற்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, அங்கே பெற்ற மதிப்பெண்ணைத் தம் சராசரிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாணவர் அங்குப் புதுக்கணக்கைத் தொடங்குகிறார். முன்பு மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவருக்கு அது வருத்தம் தரலாம். முன்பு தடுமாறியவருக்கோ அது மறுவாய்ப்பாகும்.

இழப்பு எங்கே நேர்கிறது?

ஒரு மாணவியைக் கற்பனையாகக் கருதலாம். அவர் இயற்பியலை முதன்மைப்பாடமாகக் கொண்டு இரண்டு ஆண்டுகள் பயின்று 80 புள்ளிகள் பெற்றிருக்கிறார். குடும்பம் வேறு நகருக்குக் குடிபெயர்கிறது. அவருடைய நாட்டமும் கணினி அறிவியலுக்கு மாறியிருக்கிறது. புதிய கல்லூரி அவருடைய சான்றிதழ்களை ஆராய்கிறது. மொழிப்பாடங்களும் பொதுப்பாடங்களும் சேர்ந்த 30 புள்ளிகள் அப்படியே ஏற்கப்படுகின்றன. இயற்பியலுக்குரிய 36 புள்ளிகளில், விருப்பப்பாடம் என்னும் வரிசையில் 10 புள்ளிகளுக்கே இடமிருக்கிறது. எஞ்சிய 26 புள்ளிகள் சான்றிதழில் இருக்கும், பட்டத்திற்கு உதவா. கணிதத்தில் பெற்ற 14 புள்ளிகளோ, பாடத்தின் பெயர் வேறாக இருக்கிறது என்னும் காரணத்தால் மறுக்கப்படுகின்றன. இரண்டு ஆண்டுகள் பயின்றவர் ஓராண்டு பயின்றவராகிறார்.

இந்த இழப்பில் இரு வகை உண்டு என்பதை நுணுகி நோக்கினால் காணலாம். இயற்பியலில் இழந்த 26 புள்ளிகள் துறை மாறியதால் நேர்ந்தவை. கணினி அறிவியல் பட்டத்திற்கு அத்துறையின் பாடங்கள் வேண்டும். இயற்பியல் எவ்வளவு இருந்தாலும் அவற்றின் இடத்தை நிரப்ப இயலாது. வருத்தம் தந்தாலும் அது நியாயமான இழப்பே. கணிதத்தில் இழந்த 14 புள்ளிகள் அத்தகையன அல்ல. அதே நுண்கணிதம், அதே அணிகளும் அணிக்கோவைகளும், அதே கணக்குகள். ஏட்டின் மேலட்டையில் எழுதிய பெயர் மட்டும் வேறு. அதற்காக அதே பாடத்தை மீண்டும் உட்கார்ந்து கேட்கச் சொல்வது, அளந்து முடித்த நெல்லை மீண்டும் களத்திற்குக் கொண்டுபோய்ப் போரடிக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். முன்னது கல்வியின் ஒழுங்கு. பின்னது அலுவலகத்தின் சோம்பல்.

இது கற்பனை மாணவியோடு முடிந்துவிடும் துன்பம் அன்று. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய அமெரிக்க மாணவர்கள், தாம் ஈட்டிய புள்ளிகளுள் சராசரியாக ஏறத்தாழ 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அந்நாட்டு அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2017ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இழந்த ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் கட்டிய கட்டணம் உண்டு. விழித்திருந்த இரவுகள் உண்டு. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு வீணானால் அது காலதாமதம். கடன் வாங்கிப் படிக்கவைக்கும் வீட்டுப் பிள்ளைக்கோ, அது படிப்பையே நிறுத்திவிடும் காரணமாகிவிடக்கூடும்.

மறுப்போர் தரப்பு

கல்லூரிகளின் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. பட்டச் சான்றிதழில் தன் பெயரைப் பொறிக்கும் பல்கலைக்கழகம், அப்பட்டத்திற்குப் பொறுப்பேற்கிறது. தன் கண் முன்னே நிகழாத கற்றலுக்கு எவ்வாறு உறுதி கூறுவது என்று அது அஞ்சுவது இயல்பே. மேலும், பாடங்கள் செங்கற்குவியல் போல் எப்படி அடுக்கினாலும் சுவராகிவிடுவன அல்ல. வகை நுண்கணிதம் அறியாதவர் அதன்மேல் எழுப்பப்படும் பாடங்களில் தடுமாறுவார். அவரைத் தடுமாற விடுவதும் அறமாகாது. மருத்துவம் போன்று உயிரோடு தொடர்புடைய துறைகளில் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்பதையும் எவரும் மறுக்கமாட்டார்கள்.

எளிதில் புள்ளி கிடைக்கும் இடங்களில் சேர்த்துவைத்துக்கொண்டு, பெயர்பெற்ற இடத்தில் பட்டத்தை மட்டும் பெற முயல்வோரும் இருக்கக்கூடும். அவர்களைத் தடுக்கவே, ஒரு பட்டத்திற்கு வேண்டிய புள்ளிகளில் குறிப்பிட்ட பங்கினைத் தம்மிடமே பெற வேண்டும் என்னும் விதியைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அவ்விதி தவறன்று.

ஆயினும் இவ்வச்சங்கள் அனைத்தும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பதற்கே காரணங்களாகும்; ஆராயாமலே மறுப்பதற்குக் காரணங்கள் ஆகமாட்டா. சிக்கலின் மையம் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: ஐயம் எழும்போது மெய்ப்பிக்கும் கடமை யாருக்கு உரியது? 'நான் கற்றது உங்கள் பாடத்திற்கு ஒப்பானது' என்று மாணவர் மெய்ப்பிக்க வேண்டுமா? 'நீர் கற்றது எங்கள் பாடத்திற்கு ஒப்பானதன்று' என்று நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டுமா?

லிஸ்பனில் கிடைத்த விடை

இக்கேள்விக்கு ஐரோப்பா தெளிவான விடையைத் தந்துள்ளது. 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எராஸ்மஸ் திட்டத்தின் வழியாக மாணவர்கள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் சென்று ஒரு பருவமோ ஓராண்டோ பயின்று திரும்பத் தொடங்கினர். திரும்பியவர் அங்கே கற்றதை இங்கே எப்படிக் கணக்கிடுவது என்ற இடர்ப்பாடு எழுந்தது. அதனைத் தீர்க்க 1989ஆம் ஆண்டில் பொதுத் தகுதிப்புள்ளி முறை உருவாக்கப்பட்டது. மாணவர் புறப்படும் முன்னரே, எந்தெந்தப் பாடங்களைப் பயில்வார், அவை திரும்பியதும் எவ்வாறு ஏற்கப்படும் என்பதை மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் எழுதிக் கையொப்பமிடும் வழக்கமும் ஏற்பட்டது. பின்னர் வழக்காடுவதைவிட முன்னரே பேசி முடிப்பது நன்று என்னும் உலகியல் அறிவு அதில் வெளிப்படுகிறது.

அதனினும் சிறந்த அடி 1997ஆம் ஆண்டில் எடுத்துவைக்கப்பட்டது. ஐரோப்பியப் பேரவையும் யுனெஸ்கோவும் இணைந்து லிஸ்பன் நகரில் ஓர் உடன்படிக்கையை உருவாக்கின. ஒரு நாட்டில் பெற்ற தகுதியையும் பயின்ற காலத்தையும் மற்றொரு நாடு ஏற்க வேண்டும். குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு என்று காட்டினால் மட்டுமே மறுக்கலாம். அவ்வேறுபாட்டைக் காட்ட வேண்டிய கடமை மதிப்பிடும் நிறுவனத்திற்கே உரியது. மறுத்தால் காரணம் கூற வேண்டும். அம்முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழி இருக்க வேண்டும். அதே உடன்படிக்கை மாணவருக்கும் ஒரு கடமையை வைக்கிறது: தம் படிப்பைப் பற்றிய உண்மையான, போதிய விவரங்களைத் தரவேண்டியவர் விண்ணப்பிப்பவரே.

இரு பக்கமும் கடமை பகிரப்படும் இந்நெறியே நேர்மையானது. மாணவர் தம் கையில் உள்ளதைக் காட்டுகிறார். நிறுவனம் தன்னிடம் உள்ள அறிவைக் கொண்டு ஒப்பிடுகிறது. பாடத்திட்டத்தை ஒப்புநோக்கும் ஆற்றலும் ஆசிரியர் குழுவும் நிறுவனத்திடம் இருக்கின்றன. பதினெட்டோ பத்தொன்பதோ வயது நிறைந்த மாணவரிடம் அவை இல்லை. வலிமை உள்ள இடத்தில் சுமையை வைப்பதே அறம்.

இந்திய மண்ணில்

பாடங்களைக் கடந்து சென்று சேரும் வழி தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. பாலிடெக்னிக்கில் பட்டயப்படிப்பை முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் முறை இங்கு நெடுநாளாக நடைமுறையில் உள்ளது. கற்றதை மீண்டும் கற்க வேண்டாம் என்னும் கொள்கையே அதன் அடிப்படை. பத்தாம் வகுப்போடு தொழிற்கல்விக்குச் சென்ற எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பொறியாளர்களாக உயர்வதற்கு அவ்வழி துணைநிற்கிறது.

நாடு தழுவிய அளவில், பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கல்விசார் தகுதிப்புள்ளி வங்கிக்கான விதிமுறைகளை வெளியிட்டது. பணத்திற்கு வங்கிக்கணக்கு இருப்பதைப் போலவே மாணவர் ஒவ்வொருவருக்கும் தகுதிப்புள்ளிக் கணக்கு ஒன்று இவ்வங்கியில் திறக்கப்படுகிறது. மாணவர் தாமே சான்றிதழைக் கொண்டுசென்று இதில் செலுத்த முடியாது. கற்பித்த நிறுவனமே புள்ளிகளை வரவு வைக்க வேண்டும். போலிச் சான்றிதழ்களுக்கு இடமில்லாமல் செய்ய இது உதவும். சேர்த்த புள்ளிகள் அதிக அளவாக ஏழு ஆண்டுகள் வரை செல்லும். இடையில் படிப்பை நிறுத்தியவர் மீண்டும் தொடரலாம். பட்டம் வழங்கும் நிறுவனத்திடமிருந்து குறைந்தது 50 விழுக்காட்டுப் புள்ளிகளைப் பெற்றிருக்க வேண்டும் என்பதும் விதி.

திட்டம் போற்றத்தக்கதே. ஆயினும் வங்கியில் புள்ளி இருப்பது வேறு. அது செல்லுபடியாவது வேறு. சேமித்த பணத்தை எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார். சேமித்த புள்ளியைப் புதிய கல்லூரி எந்தப் பாடத்திற்கு ஈடாக ஏற்கும் என்பதோ இன்னும் அக்கல்லூரியின் முடிவையே சார்ந்திருக்கிறது. இங்கேதான் லிஸ்பன் நெறி வேண்டப்படுகிறது. புள்ளியை மறுக்கும் கல்லூரி, மறுப்பதற்கான காரணத்தைக் குறித்த காலத்திற்குள் எழுத்தில் தர வேண்டும். எந்தப் பாடம் எதற்கு ஒப்பானது என்னும் பட்டியலைச் சேர்க்கைக்கு முன்னரே வெளியிட வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அரசுக் கல்லூரிகளின் ஒத்த பாடங்களுக்கு ஒரே எண் வழங்கப்படுகிறது; எண் ஒன்றாயின் பாடமும் ஒன்றென ஏற்கப்படுகிறது. பெயரைக் கண்டு மயங்கும் குழப்பம் அங்கே எழ வழியில்லை. அத்தகைய பொது எண் முறையை இங்கும் ஏற்படுத்துவது கடினமான செயலன்று.

இராமானுசன் கற்பிக்கும் பாடம்

முழு மூட்டைக்கே மதிப்பு என்றிருந்த காலத்தின் கொடுமையைக் கணிதமேதை சீனிவாச இராமானுசனின் வாழ்க்கை காட்டும். கணிதத்தில் ஒப்பற்று விளங்கிய அவர், கும்பகோணத்தில் பயின்றபோது பிற பாடங்களில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்து வேறு கல்லூரியில் சேர்ந்தும் இடைநிலைத் தேர்வில் வெற்றிபெற இயலவில்லை. அவர் கற்ற கணிதம் எந்தச் சான்றிதழிலும் இடம்பெறவில்லை. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். 1913ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சென்றார்; வழக்கமான நுழைவுத் தகுதி இல்லாத அவரை அப்பல்கலைக்கழகம் ஏற்றது. 1916ஆம் ஆண்டில் ஆய்வின் வழியாக அவருக்கு இளங்கலைப் பட்டம் கிடைத்தது.

இவ்வரலாற்றைக் கேட்டு, 'திறமை இருந்தால் கதவு தானே திறக்கும்' என்று அமைதி அடைவோர் உண்டு. அது பிழையான முடிவு. இராமானுசனுக்காகக் கதவைத் திறக்க ஹார்டி என்னும் பேரறிஞர் ஒருவர் இருந்தார். சிற்றூரிலிருந்து வந்து, நடுத்தர மதிப்பெண் பெற்று, தந்தையின் நோயால் கல்லூரி மாற நேரும் மாணவருக்காகப் பரிந்து கடிதம் எழுத எந்த ஹார்டியும் இல்லை. அவருக்குத் துணை நிற்க வேண்டியது விதி ஒன்றே. மேதைகளுக்கு விலக்கு அளிப்பதைவிட, எளியவர்களுக்கும் பொருந்தும் நல்ல விதியை வகுப்பதே கல்வியுலகின் தலையாய கடன்.

மாணவர் கடன்

விதிகள் செம்மையாகும்வரை மாணவர் வாளா இருத்தலும் தகாது. மதிப்பெண் பட்டியலைப் பேணிக் காப்பவர்கள்கூட, ஒவ்வொரு பருவத்திற்கும் உரிய பாடத்திட்டத்தைக் காப்பதில்லை. பாடத்தின் பெயரன்று, அதன் உள்ளடக்கமே ஒப்புமையை நிலைநாட்டும். எனவே அலகு வாரியான பாடத்திட்டம், பயன்படுத்திய நூல்களின் பெயர்கள், செய்முறைப் பதிவேடு ஆகியவற்றைப் பட்டம் கைக்கு வரும்வரை பாதுகாத்தல் வேண்டும். மாறிச் செல்லும் முன்னர், எத்தனை புள்ளிகள் ஏற்கப்படும் என்று கேட்பதோடு நில்லாமல், அவற்றுள் எத்தனை புள்ளிகள் பட்டத்திற்குக் கணக்காகும் என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுதல் வேண்டும். வாய்ச்சொல் பதிவேட்டில் ஏறாது.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. அளப்பது பிறர் உழைப்பை மதிப்பதன் அடையாளம். உழவரின் நெல் கோயில் வாயிலுக்கு வந்தபோது, எந்த மரக்காலுக்கு எந்த மரக்கால் ஒப்பு என்பதைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் இம்மண்ணில் வாழ்ந்தார்கள். மாணவரின் உழைப்பு கல்லூரி வாயிலுக்கு வரும்போது, அதே தெளிவைத் தாளிலேனும் எழுதி வைத்தல் வேண்டும். மரக்கால் மாறலாம், நெல் குறையலாகாது.